ஒன்றரை பஸ் தூரம்

நகராட்சி கால்நடைப் பிரிவின் ஸ்டோர் கீப்பருக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அந்த வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். சுவர் சாய்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் கட்டை, மனிதர் அச்சு அசல் அதுதான். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் மேஜையில் பேனா குறுக்கே கிடந்தால் முதலில் அதை நேராக்குவார், அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொல்வார். தீ விபத்து என்று சொல்ல வந்தாலும் அப்படித்தான் செய்வார் போலிருக்கிறது.

வெறும் ஸ்டோர் கீப்பராக இருந்திருந்தால் அந்தப் பிரிவின் கால்நடை டாக்டர் எப்போதோ ஒரு கை பார்த்திருப்பாள். கூடப் பிறந்த அக்காவின் புருஷனாகவும் வாய்த்துத் தொலைத்தார். ஆபீஸில் 'ஸ்டோர் சார்', வீட்டில் 'அத்தான்'. ஆபீஸில் அவரை ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்துவிடும். "என்னடி, நாலு பேர் முன்னாடி அவரை ஏதோ சொன்னியாமே?" என்று தொடங்கி, சின்ன வயதில் டாக்டர் உடைத்த கண்ணாடி டம்ளர் வரைக்கும் போய்த்தான் நிற்கும்.

டாக்டர் அக்கா வீட்டுக்குப் போனால் அங்கே அவருடைய நீதி பரிபாலனம் இன்னும் மோசம். அக்காவுக்கு வேர்க்கும், ஃபேனை ஐந்தில் வை என்பாள். தங்கைக்குக் குளிரும், ஒன்றில் வை என்பாள். அவர் எழுந்து போய் மூன்றில் வைத்துவிட்டு, உலகத்தையே காப்பாற்றிய முகத்தோடு வந்து உட்காருவார். அக்காவுக்கு வேர்ப்பதும் நிற்காது, தங்கைக்குக் குளிர்வதும் நிற்காது. யார் பக்கம் நியாயம் என்ற கேள்வியே அந்த மனிதர் காதில் விழுந்ததில்லை. பாதி நீ விட்டுக்கொடு, பாதி அவள் விட்டுக்கொடுக்கட்டும். வழக்கு முடிந்தது.

இப்படிப்பட்டவர் பொறுப்பில்தான் மயக்க ஊசி ரைஃபிள் இருந்தது.

அந்த ரைஃபிளில் குறி பார்க்க இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று அதோடு கூடப் பிறந்தது. கண் பக்கம் ஓர் இரும்புப் பள்ளம், குழல் முனையில் ஓர் இரும்பு முள். பள்ளத்தின் நடுவே முள்ளை நிறுத்தி, முள்ளின் நுனியை இலக்கில் வைத்துச் சுட வேண்டும். இன்னொன்று போன வருஷம் வாங்கி மேலே பொருத்திய ரெட் டாட். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி ஜன்னல். பேட்டரி போட்டால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளியை எங்கே வைக்கிறோமோ அங்கே ஊசி போகும். அதே ஜன்னல் வழியாக இரும்புப் பள்ளமும் முள்ளும்கூடத் தெரியும்.

ஆனால் மயக்க ஊசி தோட்டா இல்லையே! அது சோம்பேறி. தூரம் கூடக் கூடத் தாழ்ந்துகொண்டே போகும். அதனால் டாக்டர் மைதானத்தில் வெயிலில் நின்று, சாக்குப் பையைச் சுட்டுச் சுட்டு, இரண்டையும் இரண்டு தூரத்துக்குச் சரிசெய்து வைத்திருந்தாள். கிட்டத்தில், ஒரு பஸ் நீளத்தில் நிற்கிற பிராணிக்கு இரும்பு. தள்ளி, இரண்டு பஸ் நீளத்தில் நிற்கிற பிராணிக்குப் புள்ளி. ஜன்னல் வழியே பார்த்தால் புள்ளி முள்ளின் நுனியில் இருக்காது, நுனிக்குக் கொஞ்சம் கீழே முள்ளின் உடம்பில் நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டுவதென்றால் இரண்டு எதற்கு?

இதை அவள் ஸ்டோர் சாருக்கும் சொல்லத்தான் செய்தாள். அவர் அப்போது ரசீதுகளின் ஓரங்களைத் தட்டி ஒன்றாக்கிக்கொண்டிருந்தார். "ம்... ம்..." என்றார்.

பஸ் டிப்போவிலிருந்து அழைப்பு வந்தபோது மதிய வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வண்டியில் டிரைவர், டாக்டர், பின்னால் ரைஃபிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டோர் சார். ரைஃபிள் வெளியே போனால் அவரும் கூடப் போக வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ரெட் டாட்டின் பேட்டரியைத் தனியாகச் சட்டைப் பையில் வைத்திருந்து, சுடுவதற்கு முன்பு எடுத்துக் கொடுத்து, சுட்டதும் திரும்ப வாங்கிக்கொள்வது அவரே போட்டுக்கொண்ட விதி. சும்மா எரிந்து தீர்ந்துவிடுமாம். வீட்டிலும் டி.வி. ரிமோட்டுக்கு இதே கதிதான் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

டிப்போவின் பின்புறம் பழுதுக்கு வந்த பஸ்கள் சுவரையொட்டி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டிப்போ மேனேஜர் கேட்டிலேயே காத்திருந்தார். பாவம், ஆள் அழாத குறை.

"மூணு நாளா இதே நிலைமைங்க டாக்டர். அந்த நாயை டிக்கெட்டுன்னு கூப்பிடுவோம். பஸ் எடுத்தா போதும், டிக்கெட் வாங்கின மாதிரி கூடவே ஓடி வரும். யாரோ பிளாஸ்டிக் பிஸ்கட் ஜாடியைத் தூக்கிப் போட்டிருக்காங்க. உள்ள தலையை விட்டுடுச்சு, வரல. காதுப் பக்கம் ஒரு விரிசல் இருக்கறதால மூச்சு மட்டும் விடுது. பஸ் கழுவுற எடத்துல தேங்கின தண்ணியில ஜாடியோட மூஞ்சியை முட்டி முட்டிப் பார்க்குது. பார்க்கவே முடியல."

"பிடிக்கப் பார்த்தீங்களா?"

"பசங்க வலை எல்லாம் போட்டுப் பார்த்தாங்க. காலடிச் சத்தம் கேட்டாலே தலைதெறிக்க ஓடுது. ஓடி ஓடி நேத்து ஒரு தடவை சுருண்டு விழுந்துடுச்சு. செத்துடுச்சுன்னே நினைச்சோம்."

டாக்டர் எட்டிப் பார்த்தாள். இரண்டாவது பஸ் முடிகிற இடத்தில், பழுப்பு நிறப் பெட்டை நாய் ஒன்று பக்கவாட்டில் நின்றது. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் மூச்சுப் புகையில் வெளுத்துப்போன ஜாடி. கால்கள் நடுங்கின. இன்றைக்குத் தண்ணீர் உள்ளே போகாவிட்டால் நாளைக்கு டாக்டர் வர வேண்டிய அவசியமே இருக்காது. துரத்துவதும் ஆகாது, இனி ஒரு நீண்ட ஓட்டத்தை அந்த இதயம் தாங்காது. மருந்து இரண்டு ஊசிகளுக்குத்தான் இருந்தது. தொடைச் சதையில் பட்டால் பிழைக்கும். இந்த உடம்புக்கு வயிற்றிலோ முதுகெலும்பிலோ பட்டால் ஊசியே எமன்.

"பேட்டரி," என்று கை நீட்டினாள்.

ஸ்டோர் சார் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து, பிரித்து, காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பேட்டரியைக் கொடுத்தார். அந்த மடிப்புக்கே டாக்டருக்குப் பல் நறநறத்தது.

இரண்டு பஸ் தூரம். ரெட் டாட்டுக்கென்றே அளந்து வைத்த மாதிரி தூரம். அவள் முதல் பஸ்ஸின் மூக்கருகே மண்டியிட்டாள். சிவப்புப் புள்ளியைத் தொடையில் வைத்தாள், மூச்சை நிறுத்தினாள், விசையை அழுத்தினாள். ஊசி நேராகப் போனது, தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது, நாயின் வயிற்றுக்குக் கீழே சிமெண்ட் தரையில் பட்டு எங்கோ தெறித்தது. டிக்கெட் துள்ளிக் குதித்து ஓடியது. ஒரு பஸ் சக்கரத்தில் ஜாடி மோதியது. திரும்பி, இன்னொன்றில் மோதியது. கடைசியில், வரிசையின் கோடியில், சுவர் முட்டும் மூலையில் போய் நின்று மொத்த உடம்பும் ஏறி இறங்க மூச்சு வாங்கியது.

"ஐயோ," என்றார் மேனேஜர்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. அவளா தவறவிட்டாள்? கை நடுங்கவில்லை. காற்றும் இல்லை. ரைஃபிளை மறுபடி தூக்கி ஜன்னல் வழியே பார்த்தாள். பள்ளம், நடுவே முள், முள்ளின் உச்சியில், பொட்டு வைத்த மாதிரி, சிவப்புப் புள்ளி.

உச்சியில்!

அவள் மெதுவாகத் திரும்பினாள். ஸ்டோர் சார் பக்கத்திலிருந்த பஸ்ஸின் வைப்பரை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்டோர் சார். இதைத் தொட்டீங்களா?"

"எதை?"

"இந்த ரெட் டாட்டை."

"நான் எதுக்குத் தொடறேன்? துடைச்சேன். தூசியா இருந்துச்சு."

"துடைச்சா புள்ளி மேல ஏறுமா?"

"துடைக்கும்போது பார்த்தேன். ரெண்டும் பொருந்தாம கோணலா இருந்துச்சு. கொஞ்சம் சரி பண்ணேன். அதுல என்ன தப்பு?"

டாக்டரின் பொறுமை அதோடு காற்றில் பறந்தது. "என்ன தப்பா? கோணலா இருக்கறதுக்குத்தான் நான் ஒரு வாரம் வெயில்ல நின்னேன்! உங்களுக்கு எல்லாமே ஒரே கோட்டுல நிக்கணும், இல்ல? உங்க மேஜை, உங்க பேனா, உங்க ரசீதுன்னு இருங்களேன்! என் உயிரை ஏன் வாங்கறீங்க? அந்த நாய் செத்தா அதுக்கு நீங்கதான் காரணம்!"

மெக்கானிக்குகள் கையிலிருந்த ஸ்பேனரோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரைவர் வானத்தில் ஏதோ பறப்பது போல மேலே பார்த்தான். ஸ்டோர் சாரின் முகம் இறுகியது. வாயைத் திறந்தார், என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். விறுவிறுவென்று போய் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கோபத்திலும் கதவு சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

போகட்டும், சனி விட்டது என்று நினைத்து டாக்டர் கணக்குப் போட்டாள். புள்ளியை மேலே ஏற்றி முள்ளின் நுனிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அப்படியானால் இப்போது இரண்டுமே கிட்டத்துக்குத்தான், ஒரு பஸ் தூரத்துக்குத்தான் சரி. கெட்டதிலும் ஒரு நல்லது. ஒரு பஸ் தூரத்துக்குப் போய், இரும்பை நம்பிச் சுட வேண்டியதுதான். இரும்பு அவளே சுட்டுச் சுட்டு வைத்த குறி, துரோகம் பண்ணாது. கடைசி ஊசியை ஏற்றினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கும் சிமெண்டில் வெறுங்காலோடு, பஸ்களின் நிழலை ஒட்டி அடிமேல் அடி வைத்துப் போனாள்.

டிக்கெட் அசையவில்லை. ஜாடியைச் சுவரில் சாய்த்து நின்றது. கடைசி பஸ்ஸின் மூக்கை டாக்டர் எட்டியபோது அதன் காதுகள் ஜாடிக்குள்ளேயே விறைத்தன. இன்னும் ஓரடி வைத்தால் ஓடிவிடும். அவள் அங்கேயே மண்டியிட்டு, பள்ளத்தின் நடுவே முள்ளை நிறுத்தி, தொடையில் வைத்தாள்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

திரும்பிப் பார்த்தால் ரசமட்டம். ஷூவைக் கழற்றி இரண்டையும் ஒரு கையில் பிடித்தபடி, சாக்ஸ் கால்களோடு, வேர்த்து விறுவிறுத்துப்போய் நின்றார். டாக்டருக்கு வந்த ஆத்திரத்தில் மயக்க ஊசியை எங்கே சுடுவது என்பதே ஒரு கணம் குழப்பமாகிவிட்டது.

"சுடாதே," என்றார், உதடு மட்டும் அசைய.

"என்ன?" அவளும் அப்படியே கேட்டாள்.

"அந்த இரும்பையும் நான்..."

"இரும்பையுமா?"

இத்தனை வருஷத்தில் அவர் கண்கள் இப்படித் தரையைப் பார்த்து அவள் கண்டதில்லை. "புள்ளியை மட்டும் நகர்த்துறது நியாயமாப் படலம்மா. அதான் புள்ளியைப் பாதி ஏத்தினேன். இரும்போட பின்பக்கத் திருகைப் பாதி திருப்பினேன். ரெண்டும் நடுவுல சந்திச்சுது. அங்க எல்லார் முன்னாடியும் சொல்ல... எனக்கு வாய் வரல."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். ஃபேன் மூன்றில் ஓடுகிறது! துப்பாக்கியிலும் பஞ்சாயத்து பண்ணியிருக்கிறார் மனிதர். புள்ளிக்கும் வலிக்காமல் முள்ளுக்கும் வலிக்காமல், இரண்டையும் பாதிப் பாதி கெடுத்திருக்கிறார். அவள் இரும்பை நம்பி இந்தத் தூரத்தில் சுட்டிருந்தால் ஊசி மேலே ஏறி நேராக முதுகெலும்பில் இறங்கியிருக்கும். அக்காவின் போன், கண்ணாடி டம்ளர், ஏன் அக்காவின் தாலிகூட அப்போது அவளுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

ஆனால் கத்த முடியாது. அதுதான் கொடுமை. கத்தினால் நாய் ஓடும்.

"சரியாப் பாதியா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதுல சந்தேகமே வேண்டாம்," என்றார். அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு சின்ன ரோஷம் இருந்தது.

பாதி என்றால்? ஒரு பஸ்ஸுக்கும் இரண்டு பஸ்ஸுக்கும் நடு. ஒன்றரை பஸ் தூரம். உலகத்திலேயே யாரும் எதற்கும் வைக்காத ஒரு தூரத்துக்கு இந்த ரைஃபிள் இப்போது இம்மி பிசகாமல் தயாராக இருக்கிறது.

"பின்னால போகணும் அத்தான்," என்றாள். ஆபீஸ் வேலையில் அவளை அறியாமல் வந்த முதல் அத்தான் அது. "அரை பஸ். எங்க வரைக்கும்னு பாருங்க."

அவர் பாதியைக் கண்டுபிடிப்பதில் சூரர், அதை மட்டும் சொல்லியாக வேண்டும். அவள் முழங்கையைப் பிடித்து, சத்தமே இல்லாமல், பின்னோக்கி நடத்திக்கொண்டு போனார். பின்னாலிருந்த பஸ்ஸின் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்து, ஒரு ஜன்னலைத் தாண்டினார். தலையை ஆட்டி மறுத்து, மறுபடி ஒரு சாண் முன்னால் தள்ளினார். சாக்ஸ் காலால் தரையில் ஒரு தட்டு தட்டினார். இங்கே.

அவள் மண்டியிட்டாள். புள்ளியும் முள்ளும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சதையைக் காட்டின. இரண்டும் ஒத்துப்போவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதரின் பாதியை நம்பி ஓர் உயிர். வேறு வழி? விசையை அழுத்தினாள்.

டிக்கெட் ஒரு துள்ளு துள்ளியது. தொடைச் சதையின் நடுவில் ஊசியின் சிவப்பு வால் ஆடியது.

ஓடப் பார்த்தது. நாலு எட்டு வைத்தது. பின்கால்கள் பின்னிக்கொண்டன, உட்கார்ந்தது, பிறகு அப்படியே சாய்ந்தது. மெக்கானிக்குகள் கைதட்ட, டாக்டர் ஒரு முறை முறைத்ததில் கைகள் பாதியில் நின்றன. டிரைவர் தகரக் கத்தரியோடு ஓடி வந்தான். டாக்டர் விரிசலில் கத்தரியை நுழைத்து, கழுத்துத் தோலைத் தன் விரல்களால் மறைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். ஜாடி இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து வந்த நாற்றத்தில் மேனேஜர் நாலடி தள்ளிப் போனார். நாக்கு காய்ந்து செருப்புத் தோலாக இருந்தது. கழுத்தில் வளையமாகப் புண். டாக்டர் அதைக் கழுவி மருந்து போட்டாள், தோலுக்கடியில் சலைன் ஏற்றினாள், மயக்கம் தெளிய ஊசி போட்டாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அலுமினியக் கிண்ணத்தில் கொஞ்சமாகத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ரொம்ப நேரம் அது தலையைத் தூக்கவே இல்லை. டாக்டர் அதன் விலாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. போய்விடாதே, இவ்வளவு பாடுபட்ட பிறகு போய்விடாதே என்று மனதுக்குள் கெஞ்சினாள். அப்புறம் ஒரு காது அசைந்தது. முன்கால் தரையைப் பிராண்டியது. டிக்கெட் தள்ளாடி எழுந்து, பழக்கதோஷத்தில் முகத்தைக் கிண்ணத்தில் முட்டியது. முட்டியதும் முகம் நனைந்துவிட, பயந்து பின்வாங்கியது. மூக்கை நக்கிப் பார்த்தது. கிண்ணத்தை நம்பாமல் பார்த்தது. பிறகு மெல்லக் குனிந்து நாக்கை நீட்டியது.

சளப், சளப் என்று சத்தம் கேட்டது. டிப்போவே வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டது.

வாயை மூடாத ஒரே ஆள் ஸ்டோர் சார். அடுத்த பஸ்ஸின் மறைவில் நின்று போனில் அக்காவிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். கிசுகிசு என்பது அவர் நினைப்பு.

"ஆமா, நேரா தொடையில. பொழைச்சுக்கிச்சு... உன் தங்கச்சிதான் சுட்டா, சுடறதுல கெட்டிக்காரிதான். ஆனா முதல் ஊசி வீணாப் போச்சு, அவ நின்ன எடம் சரியில்ல... அதான், அதையேதான் நானும் சொல்றேன். நல்ல வேளை, நான் ரெண்டையும் முன்னாடியே ஒண்ணாச் சரி பண்ணி வெச்சிருந்தேன். இல்லன்னா இன்னிக்கு அந்த வாயில்லா ஜீவன் கதை அவ்வளவுதான்."

டாக்டருக்கு உள்ளங்காலில் கிளம்பிய சூடு உச்சந்தலையில் போய் நின்றது. சொல்ல வேண்டியது அத்தனையும் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஃபேன், பேட்டரி, ரிமோட், வெயிலில் நின்ற ஒரு வாரம், முதுகெலும்பில் இறங்கியிருக்க வேண்டிய ஊசி. ஒன்றையும் விடப்போவதில்லை. அக்கா லைனில் இருப்பதும் நல்லதாகப் போயிற்று, அவளும் கேட்கட்டும். டாக்டர் விருட்டென்று எழுந்தாள்.

"அத்தான்!"

சளப் சத்தம் நின்றது. டிக்கெட்டின் தலை கிண்ணத்திலிருந்து வெடுக்கென்று எழுந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட, நடுங்குகிற கால்களை ஊன்றிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தது.

டாக்டர் அப்படியே சிலையாக நின்றாள். மூச்சுகூட விடவில்லை. டிக்கெட் அவளைப் பார்த்தது, கிண்ணத்தைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது. கடைசியில் தாகம் ஜெயித்தது. தலை குனிந்தது. சளப், சளப்.

ஸ்டோர் சார் பஸ் மறைவிலிருந்து எட்டிப் பார்த்தார். மச்சினி வாயைத் திறந்தபடி பேச்சில்லாமல் நிற்பதைக் கண்டு, அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார். பரவாயில்லை, நமக்குள்ள என்ன என்பது போலக் கையை ஆட்டினார்.

கிண்ணம் காலியாகிவிட்டது. டிக்கெட் வெறும் அலுமினியத்தை நக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சத்தமில்லாமல் உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு, அதில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.